பேண்ட் நின்ற இடம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. முன்பெல்லாம் அந்தக் கதவை மூடிக்கொள்வாள். இந்த ஒன்பது நாளாக மூடவில்லை. நாங்களும் திறந்து வை என்று சொல்லவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, பதினைந்து வயதான எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா ஒரு பகல் முழுக்கக் காணாமல் போயிருந்தாள். அது எப்படி நல்லபடியாக முடிந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் கைபேசி அடிக்கும்போதெல்லாம் எடுப்பதற்கு முன்னால் பக்கத்து அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன். எழுதினால் அது நிற்குமோ என்று ஒரு எண்ணம்.

நாங்கள் இருப்பது அல் ஐன். ஊரில் சொன்னால் யாருக்கும் தெரியாது. துபாய்தானே என்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவோம். துபாயிலிருந்து பாலைவனத்துக்குள் காரில் ஒன்றரை மணி நேரம் வர வேண்டும். பேரீச்சந்தோப்பு இருக்கிறது, மலை இருக்கிறது, கடல் கிடையாது. குளச்சலில் பிறந்தவனுக்கு இது பழக ஏழு வருடம் போதவில்லை.

என் மனைவி ராணி இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வேலை முதலில் அவளுக்குத்தான் கிடைத்தது. சவூதியில் ஜுபைலில் இருந்த நான் அங்கே ஒரேயடியாகக் கிளம்புவதற்கான ஃபைனல் எக்ஸிட் வாங்கிக்கொண்டு அவளுடைய விசாவில் வந்து சேர்ந்தேன். பிறகு ஒரு சிமெண்ட் ஆலையில், அழுத்தமும் வெப்பமும் காட்டுகிற கருவிகளைப் பழுது பார்க்கிற என் பழைய வேலையே கிடைத்தது. வளைகுடாவில் வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குப் பொறுப்பேற்கிற ஒரு கபீல் வேண்டும். எனக்கும் ஜெசிக்கும் கபீல் ராணி. மாதா கோயிலில் பார்க்கிற நம்மூர்க்காரர்கள் "உம்ம கபீல் சௌக்கியமா இருக்காவளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த வியாழக்கிழமை வரைக்கும் அது வேடிக்கைதான்.

2

இந்த விஷயத்துக்கெல்லாம் மூலம் ஒரு கேசட். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜுபைலில் எங்கள் ஷிஃப்டுக்கு மேலதிகாரியாக வால்டர் என்று ஒரு அமெரிக்கர் இருந்தார். அவர் ஊருக்கு ஒரேயடியாகப் போனபோது பொருள்களையெல்லாம் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். போகிறவர் விட்டதை இருக்கிறவர் எடுத்துக்கொள்வது கேம்ப் வழக்கம். நான் டூட்டி முடிந்து வந்தபோது மின்விசிறி, குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் போய்விட்டன. மூலையில் ஒரே ஒரு கேசட் கிடந்தது.

உறையில் ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதில் தொங்கல் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே முழுக்கக் கருப்பு மார்க்கர் மை. அந்த நாளில் அங்கே வெளிநாட்டுப் பத்திரிகையோ கேசட்டோ, பெண்களின் தோளும் கையும் தெரிந்தால் மை பூசித்தான் கடைக்கு வரும். இதைப் பூசியவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். பாடகியின் பெயர், கேசட்டின் பெயர் எல்லாவற்றின் மேலும் மை ஏறியிருந்தது. கேசட்டில் ஒட்டியிருந்த லேபிளும் உரிந்துபோயிருந்தது.

போட்டுக் கேட்டேன். எனக்குத் தெரிந்த பேண்ட் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் போகிற பேண்ட் செட்தான். அதே டிரம்பெட், அதே சாக்ஸஃபோன் இதிலும் இருந்தன. ஆனால் திருவிழாவில் எல்லோரும் ஒருவரையொருவர் முந்தி ஊதுவார்கள். இவர்களோ அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டு ஊதினார்கள். அவள் பாடவில்லை, யாரிடமோ பேசுகிறாள் என்று தோன்றும். அவள் ஒரு வரியை முடித்து மூச்சு விடுகிற அந்த இடத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஜாஸ் என்கிற சொல்லே பிறகுதான் தெரியும். அந்த முதல் மூன்று பாட்டையும் நான் எத்தனை நாள் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

அப்போது ஜெசிக்குப் பத்து மாதம். நான் அவளைப் பார்த்ததில்லை. ஊருக்குப் பேச வேண்டுமென்றால் ஃபோன் பூத்தில் வரிசை நிற்க வேண்டும், குளச்சலில் எங்கள் வீட்டில் ஃபோனும் கிடையாது. அதனால் எல்லோரும் கேசட்டில்தான் பேசுவோம். பேசிய கேசட்டை லீவில் போகிற ஆள் கையில் கொடுத்தனுப்பினால், அவர் ஊரில் இறங்கிய மறுநாள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

என் அறையில் இருந்த டென்னிஸ் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திடீரென்று லீவு கிடைத்துக் கிளம்பினான். வண்டி வர அரை மணி நேரம் இருந்தது. அறையில் வெற்றுக் கேசட் ஒன்றுகூட இல்லை, வெள்ளிக்கிழமை காலையில் கடையும் இல்லை. வேறு வழியில்லாமல் வால்டரின் கேசட்டை எடுத்தேன். கடையில் விற்கிற கேசட்டில் பதிய முடியாதபடி மேலே இரண்டு குழி இருக்கும், அதில் டேப் ஒட்டினால் பதியலாம். ஒட்டினேன். எனக்குப் பிடித்த மூன்று பாட்டும் முழுதாக இருக்கட்டும், நாலாவது ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் முடியட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன். வெளியில் ஹாரன் அடித்தது. அந்த நேரம் பார்த்து பேண்ட் நின்றது.

எங்கள் ஊரில் பேண்ட் நின்றால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். மாஸ்டர் விசில் ஊதுவார், ஆட்கள் டிரம்பெட்டைக் கவிழ்த்து எச்சிலை உதறிவிட்டு சோடா கேட்பார்கள். பாட்டு முடியாமலேயே அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நின்றுவிட்டு மறுபடியும் வருவார்கள் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"ராணி, நானாக்கும் பேசுறேன். கேக்குதா?"

இப்படித்தான் அந்தக் கடிதம் தொடங்கும். தொடங்கிவிட்டு, பதில் வரும் என்பதுபோல் கொஞ்சம் நிறுத்தியிருக்கிறேன். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், பிள்ளைக்கு ஊசி போட்டாயா, என்று ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அதே போல் ஒரு இடைவெளி. பின்னால் ஏசி இரைச்சல், யாரோ இருமுவது. "ஜெசி மக்ளே, அப்பா சொல்லுறது கேக்குதா? பால குடிச்சிட்டு ஒறங்கணும், என்ன?" கடைசியில் டென்னிஸ் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துகிறான். நான் "கலாஸ் ராணி, டென்னிஸ் போறான்" என்று முடிக்கிறேன். அதோடு அந்தப் பக்கம் தீர்ந்துவிடும்.

3

குளச்சலில் ஜெசி அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்கு அது ஒரே பாட்டு. அந்த அம்மாள் பாடுவாள், பேண்ட் அடிக்கும், எல்லோரும் சட்டென்று நிற்பார்கள், அப்பா வந்து ஓடு மாற்றச் சொல்வார். அப்பாவும் பேண்டில் ஒரு ஆள் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு முதல் லீவு கிடைத்துப் போனபோது அவளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. என்னைக் கண்டதும் ராணியின் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் "ஜெசி மக்ளே" என்று கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அலமாரியில் இருந்த டேப் ரெக்கார்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு வயதில் அல் ஐனுக்கு வந்தபோது கேசட்டும் கூட வந்தது. இங்கே இந்தியப் பள்ளிக்கூடம். இரண்டு வருடத்தில் ஆங்கிலம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ராணி இரண்டும் கலந்து இருவரையும் திட்டுவாள். ஜெசிக்குத் தமிழில் மனப்பாடமாகத் தெரிந்த நீளமான விஷயம் அந்தக் கேசட் கடிதம் ஒன்றுதான். விருந்தாளிகள் வந்தால் இடுப்பில் கைவைத்து, என் குரலிலேயே, டென்னிஸின் யல்லா வரைக்கும் ஒப்பிப்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பதின்மூன்று வயதில் அதை நிறுத்தினாள். பிறகு கதவை மூட ஆரம்பித்தாள். காதில் எப்போதும் ஒரு வயர். என்ன கேட்டாலும் "நத்திங்". பள்ளிக்கூடத்தில் கொயரில் பாடுகிறாள் என்பதையே அவளுடைய டீச்சர் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நானும் ராணியும் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள். பிள்ளை நம் கையைவிட்டு எந்த நாளில் நகர்ந்தாள் என்று யோசித்துப் பார்த்தால், அந்த நாளில் இருவருமே டூட்டியில் இருந்திருப்போம்.

காணாமல் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் டேப் ரெக்கார்டர் கேசட்டைக் கடித்துவிட்டது. ஸ்குரூ டிரைவர், பென்சில் எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். நுணுக்கமான கருவிகளைச் சரி செய்வதுதான் என் தொழில். ஆனால் நாடா அப்பளம்போல நொறுங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எறி மக்ளே, பழசாக்கும். வேற பாட்டு வாங்கித் தாரேன்" என்றேன். வெளியே வந்து கிடந்த நாடா முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு பழைய கேசட்டுக்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

4

இங்கே பள்ளிகளுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. ஆலையில் எனக்கு வியாழன் அரை நாள் உண்டு. ராணிக்குக் காலை டூட்டி, மூன்று மணிக்கு முடியும். ஜெசி, இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிற ரீமா வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். ரீமா அவளுடைய வகுப்பு, மலையாளிப் பெண்.

ஒன்றரை மணிக்கு வந்தேன். மீன் குழம்பு மூடியபடி இருந்தது, அவள் சாப்பிடவில்லை. கைபேசியில் கூப்பிட்டேன். முதலில் அரபியில், பிறகு ஆங்கிலத்தில், நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். இந்த நாட்டில் இருக்கிற எல்லோருக்கும் அந்தக் குரலைத் தெரியும். அன்றைக்குத்தான் அந்தப் பெண் எவ்வளவு அமைதியாகப் பேசுகிறாள் என்று கவனித்தேன்.

ரீமா வீட்டுக்கு ஓடினேன். ரீமாவின் அம்மா கதவைத் திறந்து, ஜெசி வரவேயில்லையே என்றார். ரீமா பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். அவள் அம்மா இரண்டு முறை அதட்டியதும் வாயைத் திறந்தாள். போன வாரம் ஜெசி அவளிடம், துபாய்க்கு மினிபஸ் எத்தனை மணிக்கு, போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறாள். எதற்கென்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். பெண்பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்த ஓட்டுநர்களிடம் பர்ஸிலிருந்த அவள் படத்தைக் காட்டினேன். அது அவளுடைய முதல் நற்கருணை நாள் படம், பத்து வயது, தலையில் வெள்ளை முக்காடு. ஒரு பட்டான் ஓட்டுநர் அதை வாங்கி வெகு நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக யாரும் ஏற்றமாட்டோம் பாய் என்று உருதுவில் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அவள் இப்போது எப்படி இருப்பாள் என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

அங்கிருந்து ராணியின் வார்டுக்கு ஃபோன் செய்து விவரத்தைச் சொன்னேன். அவள் "நீங்க போலீசுக்குப் போங்க, நான் டூட்டி ஒப்படைச்சிட்டு வாரேன்" என்றாள்.

5

பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ஒரு இளம் அதிகாரி இருந்தார். எனக்கு அரபி தெரியும் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஜுபைல் கேம்பில் பழகியது. தண்ணீர் இல்லை, சாவி இல்லை, ஆள் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மாஃபிதான். அந்தப் பதற்றத்தில் அவரிடம் "அனா பிந்த் மாஃபி" என்றேன். எனக்கு மகள் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஆங்கிலத்தில், நிதானமாக, உனக்கு மகள் இருக்கிறாளா இல்லையா என்று கேட்டார். இருக்கிறாள் என்று மூன்று தடவை சொன்னேன். ஒரு ஆளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பெயர், வயது, பள்ளிக்கூடம் எல்லாம் எழுதிக்கொண்டார். அடுத்தது, பிள்ளையின் கபீல் யார். அவளுடைய அம்மா என்றேன். அப்படியானால் அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நான் அப்பா, நானே போடுகிறேன் என்றேன். அவர் மரியாதையாகத்தான் விளக்கினார். காகிதத்தில் பொறுப்பு யாருக்கோ அவர்தான் புகார் கொடுப்பது வழக்கம், அதற்காகத் தேடுவதை நிறுத்தி வைக்க மாட்டோம், பயப்படாதே என்றார். பஸ் நிலையத்துக்கு ஒரு வண்டியும் அனுப்பினார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அவளுடைய முதல் எட்டு வருடமும் நான் கேசட்டில் இருந்தேன். பிறகு ஷிஃப்டில் இருந்தேன். காகிதத்திலும் நான் இல்லை.

ராணி யூனிஃபார்மோடு டாக்ஸியில் வந்து இறங்கினாள். கையெழுத்துப் போட்டாள். பாஸ்போர்ட் நகலும் புதுப் படமும் வேண்டும் என்றார்கள். நான் அங்கேயே இருப்பது, அவள் போய் எடுத்து வருவது என்று ஏற்பாடு. அவள் போய் முக்கால் மணி நேரம் கழித்து என் கைபேசி அடித்தது.

"பிள்ள இருக்கு," என்றாள். எனக்குப் புரியவில்லை. "துபாய்ல ஏதோ பாட்டுக் கடைல இருக்கு. வீட்டு நம்பருக்கு அங்கேருந்து பேசிச்சு. ஒண்ணும் ஆவல. நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க."

அவள் கதவுப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஃபோன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கைபேசியில் சார்ஜ் போய்விட்டதும் ஜெசிக்கு எங்கள் இருவருடைய எண்ணும் ஞாபகம் இல்லை. எண்களெல்லாம் கைபேசிக்குள்ளேதானே இருக்கின்றன. மனப்பாடமாக இருந்தது வீட்டு எண் ஒன்று. ஆளில்லாத வீட்டுக்கு அவள் ஒரு மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

என் முகத்தைப் பார்த்ததும் அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. எழுதிய தாளைப் பாதியாக மடித்து, "அல்ஹம்துலில்லாஹ், கலாஸ்" என்றார். வாசல் வரைக்கும் கூட வந்தார்.

6

ராணியை ஏற்றிக்கொண்டு துபாய்க்குக் கிளம்பினேன். நான் எத்தனை வேகத்தில் ஓட்டினேன் என்று சொல்லாமல் இருப்பது நல்லது.

அது ஒரு பெரிய மாலுக்குள் இருந்த சிடி கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஜெசி உட்கார்ந்திருந்தாள். அங்கே வேலை செய்கிற பிலிப்பினோ அம்மாள் ஒருவர் அவளை வெளியே விடாமல் பக்கத்தில் உட்கார வைத்து, டோனட் வாங்கிக் கொடுத்து, வீட்டு எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். அவரிடம் நன்றி என்று நான் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. மறுபடி போய்ச் சொல்ல வேண்டும்.

ராணி நேரே போய் ஜெசியின் கையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். விரல் நாடியின் மேல் இருந்தது. இன்னொரு கையில் இருந்த வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வார்டில் நிற்பதுபோலவே. ஜெசியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டுவிட்டு, ராணி திரும்பி வெளியே நடந்தாள். அதிலிருந்து அவள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அந்தக் கேசட்டை நான் எறியச் சொன்னது அவளுக்கும் தெரியும்.

காரில் நான்தான் கேட்டேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானே கூட்டி வந்திருக்க மாட்டேனா என்று கேட்டேன்.

"நீங்க எறியச் சொன்னீங்க," என்றாள் ஜெசி பின்சீட்டிலிருந்து. "எனக்கு அந்தப் பாட்டு அப்புறம் என்ன ஆகும்னு தெரியணும்பா. சின்ன வயசுலேருந்து தெரியணும். எப்பவும் கரெக்டா அந்த இடத்துல நீங்க வந்திருவீங்க" என்றாள்.

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

அவளுக்குக் கேசட்டின் பெயரோ பாடியவர் பெயரோ தெரியாது. கேட்டு வாங்க வழி இல்லை. அதனால்தான் நேரில் போயிருக்கிறாள். அந்தச் சிரிப்பும் அந்தத் தொங்கலும் கண்டால் தெரியும் என்று, ஜாஸ் என்று எழுதிய அலமாரியில் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு உறையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் ஆனதாம். கடையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற இடம் உண்டு. அங்கே நின்று முழு ஆல்பத்தையும் கேட்டிருக்கிறாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று போட்ட கணக்கு அங்கேதான் தப்பியது. ஹெட்ஃபோனைக் கழற்றி மணி பார்க்கலாம் என்று கைபேசியை எடுத்தால், அது அணைந்து கிடந்தது. அப்போதுதான் பயந்திருக்கிறாள்.

"எந்தக் கலர்னு நெனைக்கிறீங்க?" என்று திடீரென்று கேட்டாள். எது என்றேன். "அவங்க டிரஸ்." நான் கருப்பு என்றேன். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் அந்த அம்மாள் கருப்பில்தான் இருந்தார். ஜெசி தான் வாங்கிய சிடியை இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டினாள். எலுமிச்சை மஞ்சள். கைகள் தோள்வரை தெரிய, பின்னால் மங்கலாக ஒரு பேண்ட் முழுவதும் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்கள் இருந்ததும் அந்தக் கருப்பு மையின் அடியில்தான்.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கே ஞாயிறு வேலை நாள் என்பதால் வெள்ளியன்றே திருப்பலிக்குப் போய்விடுவோம். மூவரும் போனோம். ராணி வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தாள். வந்து, யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுவிட்டு, சமையலறையில் சங்கரா மீனைச் செதிள் எடுக்க உட்கார்ந்தாள். இன்னும் பேசவில்லை. ஜெசி இரண்டு முறை சமையலறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவளுக்கு எட்டு வயதில் அம்மாவுக்குக் கோபம் வந்தால் செய்வதுபோலவே.

எங்கள் வீட்டில் சிடி போட கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, ஹாலில். ஜெசி அதில் சிடியைப் போட்டாள். நான் சோஃபாவில் உட்கார்ந்தேன். சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து அவள் எனக்கு விளக்கினாள். ஐந்து சாக்ஸஃபோன், நாலு டிரம்பெட், நாலு டிராம்போன், பியானோ, பேஸ், டிரம்ஸ். எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து, அந்த அம்மாளும் நடுவில் நின்று, சேர்ந்து பதிந்தது. யாராவது ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனையும் அவள் பாதித் தமிழில் சொன்னாள். இரண்டு வருடத்தில் என்னிடம் அவள் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நான் ஒன்றும் குறுக்கே கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று இருந்தது.

முதல் மூன்று பாட்டும் நான் கேட்டவைதான். ஆனால் ஜுபைலில் ஏசி இரைச்சலுக்கு நடுவில் கேட்டது இது இல்லை. அந்த அம்மாள் வார்த்தைக்கு முன்னால் உதட்டைப் பிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

நாலாவது தொடங்கியது. ஜெசி தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு மெல்ல ஏறியது. சாக்ஸஃபோன்கள் சேர்ந்தன, பிறகு டிரம்பெட்கள், அந்த அம்மாள் அவற்றுக்கெல்லாம் மேலே போய் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறையில் மீன் செதிள் எடுக்கிற சத்தம் நின்றதை அப்போது நான் கவனிக்கவில்லை, இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது.

பேண்ட் நின்றது.

"ராணி, நானாக்கும் பேசுறேன். கேக்குதா?"

ஜெசிதான். வேண்டுமென்று சொல்லவில்லை. பதினைந்து வருடமாக அந்த இடத்தில் வருகிறது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் குரல், என் குளச்சல் இழுப்பு எல்லாம் அப்படியே. சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து ராணியின் குரல் வந்தது.

"கேக்குது, சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பேண்ட் வந்துவிட்டது.